வெண்புள்ளி: சொல்லும் பொருளும்

தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் அணுக்கள் அழிந்து, பால்போன்ற வெண்திட்டுகள் தோன்றும் நிலையை மருத்துவர்கள் ‘விட்டிலிகோ’ என்கின்றனர். கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் எழுதிய இலத்தீன் மருத்துவ நூலிலேயே இச்சொல் வருகிறது. ஆயினும் அவர் அதைப் பலவகைத் தோல் மாற்றங்களுக்குப் பொதுவாக வழங்கினார். குறை, மாசு எனப் பொருள்படும் ‘விட்டியம்’ என்பதே இதன் வேர் என்பர் ஒரு சாரார். கன்றைக் குறிக்கும் ‘விட்டுலஸ்’ என்பர் மறு சாரார்.

தமிழில் நெடுங்காலம் வழங்கியது ‘வெண்குட்டம்’, பேச்சில் ‘வெண்குஷ்டம்’. வடமொழி மருத்துவ நூல்களில் ‘குஷ்டம்’ என்பது பலவகைத் தோல் நோய்களுக்கும் பொதுப்பெயர். சித்த மருத்துவமும் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பகுத்தது. பின்னாளில் அச்சொல் மக்கள் வழக்கில் தொழுநோயையே குறிக்கலாயிற்று. அதன் விளைவாக, யாருக்கும் தொற்றாத ஒரு நிலை தொழுநோயின் ஒரு வகையாக எண்ணப்பட்டு, அதனை உடையவர்களின் திருமணமும் வேலையும் தடைபட்டன. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. அதன் திட்டுகள் வெளிறியிருக்கும், பெரும்பாலும் உணர்ச்சி குன்றியிருக்கும். வெண்புள்ளியிலோ, பஞ்சு நுனியால் தொட்டாலும் உணர்ச்சி முழுமையாக இருக்கும். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் நிறமி அணுக்களையே தாக்குவதுதான் இதற்கு முதன்மைக் காரணம். சிலருக்குத் தைராய்டு கோளாறும் உடன் இருப்பதால் அதற்கும் சோதனை செய்வர்.

ஆகவே ‘வெண்குஷ்டம்’ என்பதை அறவே விலக்கி ‘வெண்புள்ளி’ என்றே எழுத வேண்டும். தமிழ்நாடு அரசும் இப்பெயரையே ஏற்றுள்ளது. திட்டுகள் புள்ளியினும் பெரியவை என்பதால் ‘வெண்படை’ எனலாமே என்று கேட்பவர் உண்டு. ஆனால் ‘படை’ என்றதும் அரிப்பும் செதிலும் தொற்றும் நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் எதுவும் இங்கு இல்லை. பூஞ்சையால் வரும் ‘தேமல்’ என்பதும் வேறு.

தோல் மருத்துவர் இருட்டறையில் ‘உட்ஸ் விளக்கு’ என்னும் புற ஊதா விளக்கைக் காட்டும்போது, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத திட்டுகளும் நீலவெண்மையாய் ஒளிரும். தொடக்கத்தில் ஸ்டீராய்டு களிம்போ, முகம் போன்ற மெல்லிய தோலுக்கு டாக்ரோலிமஸ் களிம்போ தருவர். பரவலாக இருப்பின் 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறும்பட்டைப் புற ஊதாக் கதிரை வாரம் இரண்டு மூன்று முறை, பல மாதங்கள் செலுத்துவர். 2022இல் அமெரிக்கா ருக்ஸோலிட்டினிப் களிம்புக்கு ஒப்புதல் அளித்தது. பரவாமல் நிலைத்துவிட்ட திட்டுகளுக்கு, உடலின் வேறிடத்துத் தோலையோ நிறமி அணுக்களையோ எடுத்துப் பதிக்கும் அறுவை முறைகளும் உண்டு.

நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசி என்னும் விதையில், ஒளியோடு சேர்ந்து வினைபுரியும் சோராலென் என்னும் பொருள் உள்ளது. ஒரு தலைமுறைக்கு முன் பெருவழக்காயிருந்த ஒளிச் சிகிச்சைக்கு அடிப்படையும் சோராலென்தான். எனினும் கார்போகரிசியை அரைத்துத் தாமே பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கொப்புளித்துப் புண்ணாகும். அளவும் நேரமும் மருத்துவர் வகுக்க வேண்டியவை. முகத்திலும் கழுத்திலும் நிறம் விரைவாக மீள்கிறது. விரல் நுனி, உதடு, முடி நரைத்துவிட்ட திட்டு ஆகியவற்றில் மருந்தால் மட்டும் மீள்வது அரிது.