மிதிக்காத பிரேக் ஏன் சுடுகிறது?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மின்சாரக் காரில் பிரேக்கை நான் அதிகம் மிதிப்பதே இல்லை. காலை எடுத்தாலே வேகம் குறைந்துவிடுகிறது. ஆனாலும் புதுச்சேரி போய் இறங்கினால் முன்பக்கம் ஒரு சக்கரத்தில் மட்டும் கருகல் வாடை. வீட்டில் திருஷ்டி என்கிறார்கள். மிதிக்காத பிரேக் எப்படிச் சுடும்?”

மிதிக்காததால்தான் சுடுகிறது.

காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தின் ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. 1,500 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் சுமார் 2 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். பெட்ரோல் காரை பிரேக் போட்டு நிறுத்தினால் அதில் பெரும்பகுதி டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டில், வெப்பமாகிறது. மின்சாரக் காரில் டிஸ்க்குக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். கடலோரத்தில் வேலையற்றுக் கிடக்கும் இரும்பின் கதி நமக்குத் தெரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். உப்புப் படிந்த உலோகத்துக்கு மழையே தேவையில்லை.

டிஸ்க்கின் முகத்தில் படியும் துரு பெரிய விஷயமில்லை. நாலு மிதியில் போய்விடும். வினை அந்த டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு உள்ளே இருக்கிறது.

பிரேக்கை மிதித்தால் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் டிஸ்க்கை உரசும் கட்டையான பேடைத் தள்ளுகிறது. சரி, காலை எடுத்தபின் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது யார்? ஸ்பிரிங் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டிரம் பிரேக்கில் ஸ்பிரிங் உண்டு. டிஸ்க் பிரேக்கின் பிஸ்டனுக்கு அப்படி எதுவும் கிடையாது. இருப்பது ஒரு ரப்பர் வளையம் மட்டும். அதன் வெட்டுமுகம் சதுரம். சிலிண்டர் சுவரில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து பிஸ்டனை இறுகப் பற்றியிருக்கும். பிஸ்டன் முன்னே நகரும்போது வளையம் பிடியை விடுவதில்லை. அதோடு சேர்ந்து சாய்கிறது. அழுத்தம் தளர்ந்ததும் நிமிர்கிறது; நிமிரும்போது பிஸ்டனையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த இழுப்பு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பேட் உராயாமல் நிற்க அவ்வளவே போதும்.

இன்னும் அழகான சங்கதி ஒன்று உண்டு. பேட் தேயத் தேய பிஸ்டன் கூடுதல் தூரம் போகவேண்டும். வளையம் சாயும் எல்லையைத் தாண்டியதும் பிஸ்டன் சற்று வழுக்கிச் சென்று புது இடத்தில் நிற்கும். வளையம் அங்கே பற்றிக்கொள்ளும். ஆகவே இடைவெளி எப்போதும் ஒரே அளவு. ஆயில் கசியாமல் அடைப்பது, பிஸ்டனை மீட்பது, தேய்மானத்தை ஈடுகட்டுவது என்று மூன்று வேலைகள், ஒரே ரப்பர் துண்டு! இதை முதலில் யோசித்தவருக்குச் சிலையே வைக்கலாம்.

ஆனால் அதன் பலம் சொற்பம். பிஸ்டனில் துரு ஏறினாலோ, காலிப்பர் நகரும் இரண்டு பின்களில் கிரீஸ் காய்ந்து உப்பு புகுந்தாலோ வளையத்தால் எதையும் இழுக்க முடியாது. பேட் டிஸ்க்கை உரசியபடியே இருக்கும். இந்த உரசலால் கார் ஐந்து கிலோ எடைக்குச் சமமான விசையோடு பின்னுக்கு இழுக்கப்படுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், 60 கி.மீ. வேகத்தில் அது சுமார் 800 வாட். எரியும் இஸ்திரிப் பெட்டி ஒன்றைச் சக்கரத்தில் கட்டிக்கொண்டு ஓட்டுவதுபோல. ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும்.

கோளாறைக் கண்டுபிடிப்பது மின்சாரக் காரில் எளிது. பெட்ரோல் காரில் டிஸ்க் சுடுவது இயல்பு; எது அளவு மீறிய சூடு என்று சொல்வது கடினம். இங்கேயோ பிரேக்கைத் தொடாமலே ஓட்டலாம். அப்படி ஓட்டினால் டிஸ்க் சூடாக வேண்டிய அவசியமே இல்லை. பேட்டரி நிரம்பியிருந்தால் மின்சாரத்தைத் திரும்ப ஏற்காது என்பதால் 80 சதவீத சார்ஜில் கிளம்புங்கள். வாகன நெரிசல் இல்லாத நேரத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, மோட்டாராலேயே வேகத்தைக் குறைத்து நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் இடது வலது இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். பளபளக்கும் பரப்பில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். பேட் படாத, துருப்பிடித்த நடுப்பகுதியில் அளக்கவேண்டும். பின்சக்கரங்கள் இரண்டுமே சுட்டால் கைபிரேக் முழுதாக விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது மெக்கானிக்கின் வேலை. சுடும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்ப்பார். இறுகியிருந்தால் காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைத் திறப்பார். சக்கரம் உடனே விடுபட்டால் ஆயிலின் அழுத்தம் எங்கோ சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் காரணம் உள்ளே வீங்கிய பிரேக் ஹோஸ், அதாவது ஆயில் போகும் ரப்பர் குழாய். அப்போதும் விடுபடாவிட்டால் சிக்கியிருப்பது பிஸ்டன் அல்லது காலிப்பரின் பின்.

திருஷ்டிக்கு வருவோம். வண்டிக்கு உப்பைச் சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இந்த வழக்கில் உப்புதான் குற்றவாளி. காரைக்குடியில் உலோக அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பேட்டரிக்குக் கோடிகளை ஒதுக்குகிறவர்கள், கடலோர வண்டிகளின் துருவுக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் என்ன?

பின்களைக் கழற்றித் துடைத்து, அவற்றுக்கென்றே உள்ள சிலிக்கோன் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். கிழிந்த ரப்பர் உறையை மாற்றச் சொல்லுங்கள். கையில் கிடைத்த சாதாரண கிரீஸை அப்ப வந்தால் தடுத்துவிடுங்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் உப்பிவிடும், அந்தச் சதுர வளையம் உட்பட.