டேக்-ஆஃப் என்றால் புறப்பாடு இல்லை, அளவெடுப்பு

கட்டுமான மென்பொருள்களைப் பற்றித் தமிழில் தேடினால் 'செயற்கை நுண்ணறிவுப் புறப்பாடு', 'தானியங்கிப் புறப்பாடு வசதி' என்று வந்து விழுகிறது. சாமி புறப்பாடு தெரியும். கட்டட வரைபடம் எங்கே புறப்படுகிறது? 'குவாண்டிட்டி டேக்-ஆஃப்' என்ற தொழிற்சொல்லை விமான நிலையத்து டேக்-ஆஃப் என்று நினைத்து யாரோ, அல்லது ஏதோ ஓர் இயந்திரம், பெயர்த்துவிட்டது. அடுத்து வந்தவர்கள் படித்துப் பார்க்காமலே எடுத்து ஒட்டிக்கொண்டார்கள்.

பொருள் மிக எளிது. வரைபடத்தைப் பார்த்து நீளம், அகலம், உயரம், எண்ணிக்கை ஆகியவற்றை எடுத்து, எந்த வேலை எவ்வளவு வரும் என்று தாளில் இறக்குவதுதான் டேக்-ஆஃப். வரைபடத்திலிருந்து எடுப்பதால் அந்தப் பெயர். விமானம் பறப்பதற்கு முன்பே இங்கிலாந்தின் கட்டட அளவை வல்லுநர்களிடம் புழங்கிய சொல் இது. அவர்களுடைய பழைய முறையில் முதலில் அளவுகளை எடுப்பார்கள், பிறகு பெருக்குவார்கள், ஒரே வகை வேலைகளைத் திரட்டுவார்கள், கடைசியில் பட்டியலாக எழுதுவார்கள். முதல் கட்டத்தின் பெயர்தான் டேக்கிங்-ஆஃப்.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. 'அள' என்ற வேர் நெல்லுக்கும் நிலத்துக்கும் காலங்காலமாக உண்டு. சோழர் காலத்தில் நிலம் அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்றே பெயர். தையற்கடையில் அளவெடுக்கிறார்கள். கட்டுமான அலுவலகத்தில் இளம் பொறியாளரிடம் மேலாளர் கேட்பதும் 'குவாண்டிட்டி எடுத்தாச்சா தம்பி?' என்றுதான். எடு என்ற வினை ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அளவெடு, அளவெடுப்பு. முடிந்தது.

புறப்பாட்டைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். தொல்லை அதனால் இல்லை. கொஞ்சம் படித்தவர்கள் கையாளும் 'அளவுக் கணிப்பு' என்ற சொல்லால்தான். கேட்க மிடுக்காக இருக்கும், பயிற்சிக் குறிப்புகளில் தலைப்பாகப் போட வசதியாக இருக்கும், பொருளோ பிசகு.

கணிப்பு என்றால் இன்றைய தமிழ்க் காதில் என்ன விழுகிறது? வானிலைக் கணிப்பு, கருத்துக்கணிப்பு, ஜாதகக் கணிப்பு. பலித்தாலும் பலிக்கும், இல்லாவிட்டால் இல்லை. 'கணி' என்ற வேருக்கு எண்ணுதல் என்ற பொருள் உண்டே என்று சிலர் வாதிடுவார்கள். உண்டுதான். கணக்கு, கணினி எல்லாம் அந்த வழி வந்தவை. இலங்கைப் பாடநூல் தமிழில் காவிக்கணியம் (வெக்டர் அளவு), எண்ணிக்கணியம் (ஸ்கேலார் அளவு) என்று அளவையே 'கணியம்' என்பார்கள். அங்கே வளர்ந்த ஒருவர் 'கணியம் எடுத்தல்' என்று எழுதினால் எனக்குச் சண்டையில்லை. ஆனால் கணியம் வேறு, கணிப்பு வேறு. பின்னது ஊகத்தின் பக்கம் போய் வெகுநாளாகிவிட்டது. வேர்ச்சொல் அகராதியைக் காட்டி அதைத் திருப்பி இழுக்க முடியாது.

அளவெடுப்பில் ஊகத்துக்கு இடமே கிடையாது. ஒரே வரைபடத்தை ஒரே விதியின்படி இருவர் அளந்தால் ஒரே எண் வர வேண்டும். இந்தியாவில் அந்த விதி, கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1200. வேலைக்கு வேலை தனிப் பகுதி உண்டு. பூச்சு வேலைக்கான பகுதியை எடுத்துக்கொள்வோம். கதவு, ஜன்னல் போன்ற திறப்பு 0.5 சதுர மீட்டர் வரை இருந்தால் அதன் பரப்பைக் கழிக்கக் கூடாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால், ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்க வேண்டும். 3 சதுர மீட்டரைத் தாண்டினால் இரு பக்கமும் கழித்துவிட்டு, திறப்பின் உள்விளிம்புப் பூச்சைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் உள்ள தடுப்புச் சுவர் ஒன்று. அதில் 0.9 × 2.1 அளவில் ஒரு கதவு, அதாவது 1.89 சதுர மீட்டர். இரு பக்கப் பூச்சு 24 சதுர மீட்டர். விதிப்படி ஒரு கதவுப் பரப்பைக் கழித்தால் 22.11. வரைபடத்தில் கதவைக் கண்டதும் இரு பக்கமும் வெட்டிவிடும் மென்பொருள் 20.22 என்று காட்டும். அதே சுவரில் 0.6 × 0.6 வென்டிலேட்டர் இருந்தால் அதன் 0.36 சதுர மீட்டரையும் கழித்துவிடும், கழிக்கவே கூடாது என்பது விதி. ஒரு சுவருக்கு 2 சதுர மீட்டர் சில்லறையாகத் தெரியும். நாற்பது வீடுகள் உள்ள அடுக்ககத்தில் ஒப்பந்ததாரரின் பூச்சுக் கூலி அதில் கரைந்துபோகும். இதில் எங்கே கணிப்பு இருக்கிறது? விதி இருக்கிறது, விதி தெரியாத கருவி இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவோடு சேர்ந்தால் கணிப்பு என்ற சொல் இன்னும் மோசமாகத் திசைதிருப்புகிறது. ஏஐ என்றாலே எதிர்காலம் சொல்லும் கருவி என்ற எண்ணம் ஊரில் பரவியிருக்கிறது. 'ஏஐ அளவுக் கணிப்பு' என்று படிப்பவர், சதுர அடியைச் சொன்னால் சிமென்ட் மூட்டை எத்தனை என்று அது குறி சொல்லிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார். டோகல், கிரியோ போன்ற கருவிகள் முதன்மையாகச் செய்வது வேறு. பிடிஎஃப் வரைபடத்தை வாங்கி, இது சுவர், இது அறை, இது கதவு என்று கோடுகளிலிருந்து அடையாளம் காண்கின்றன. அறைகளின் பரப்பை நிரப்பிக் காட்டுகின்றன, ஒரே குறியீடு எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுகின்றன. விளக்கு முனை, சுவிட்சுப் பலகை, தண்ணீர்க் குழாய் முனை இவற்றை மாடி மாடியாகப் பென்சிலால் குறித்து எண்ணுவது அலுப்பான, கண் தவறும் வேலை. அங்கே இந்தக் கருவி மிச்சமாக்கும் நேரம் உண்மையானது. தரை ஓடு, வண்ணப்பூச்சு, பொய்க்கூரைப் பரப்புகளுக்கும் அப்படித்தான்.

தவறுவதும் அளவெடுப்பில் எப்போதும் தவறும் அதே இடங்களில்தான். முதலிடம் அளவுத்திட்டத்துக்கு, அதாவது ஸ்கேலுக்கு. ஏ1 தாளில் 1:100 என்று வரைந்த படத்தை யாரோ ஏ3 ஆகச் சுருக்கி பிடிஎஃப் ஆக்கி அனுப்புவார்கள். மூலையில் 1:100 என்றே எழுதியிருக்கும். அதை நம்பி அளந்தால் 10 மீட்டர்ச் சுவர் 5 மீட்டர் ஆகும், 100 சதுர மீட்டர்த் தளம் 25 ஆகும், 150 மி.மீ. தடிமனுக்கு 15 கன மீட்டர் வர வேண்டிய கான்கிரீட் 3.75 ஆகும். கருவியைத் திறந்ததும் முதல் வேலை, அளவு எழுதப்பட்ட ஒரு நீண்ட கோட்டை அளந்து பொருத்துவது. பிறகு குறுக்குத் திசையில் இன்னொரு கோட்டை அளந்து சரிபார்ப்பது. ஒரே தாளில் தளப்படம் 1:100, வெட்டுமுகம் 1:50 என்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாக.

அடுத்தது சுவரின் எந்தக் கோட்டைப் பிடிப்பது என்பது. அறையின் உள்ளளவு 4 × 3 மீட்டர், சுவரின் தடிமன் 23 செ.மீ. என்றால், நாலு சுவருக்கும் சேர்த்து நடுக்கோட்டு நீளம் 14.92 மீட்டர், வெளிக்கோட்டு நீளம் 15.84 மீட்டர். வெளிக்கோட்டைப் பிடித்த கருவி நாலு மூலையையும் இரட்டிப்பாக எண்ணுகிறது. 3 மீட்டர் உயரத்துக்கு 0.63 கன மீட்டர் செங்கல் கட்டு கூடுதலாக ஏறிவிடும், அதுவும் ஓர் அறைக்கு மட்டும். பாலிடெக்னிக்கில் நடுக்கோட்டு முறையைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னது இதற்காகத்தான்.

குறியீட்டு விளக்கப் பட்டியலில் உள்ள விளக்கையும் ஒரு விளக்காக எண்ணிவிடும் கருவிகள் உண்டு. மாதிரித் தளம் ஒன்றை வரைந்து 'முதல் தளம் முதல் நான்காம் தளம் வரை' என்று எழுதியிருந்தால் அதை நாலால் பெருக்க வேண்டும் என்பதும் பல சமயம் அதற்குப் பிடிபடாது. தளப்படத்தில் இல்லாத உயரம், குளியலறைத் தாழ்தளத்தின் நிரப்பு, ஒரு கம்பி அடுத்த கம்பியின்மேல் படியும் மேற்பொருத்து நீளம் இவற்றை நாமே சேர்க்க வேண்டும். கம்பியின் விட்டத்தை மி.மீ. கணக்கில் இருமடியாக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ. பெருக்கல் எளிது. எத்தனை மீட்டர் என்பதைத் தளப்படத்திலிருந்து எடுக்க முடியாது, கம்பி வளைப்பு அட்டவணை வேண்டும்.

இனி 'மதிப்பீடு'. எஸ்டிமேட்டுக்கு அது நிலைத்துவிட்ட சொல். 'ரூ.2 கோடி மதிப்பீட்டில் பாலம்' என்று செய்தித்தாள் எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை. அதைக் கலைக்கச் சொல்லவில்லை. வங்கிக் கடனுக்கு வீட்டின் விலை சொல்பவரும் மதிப்பீட்டாளர், விடைத்தாள் திருத்துவதும் மதிப்பீடு என்ற நெருக்கடி இருக்கத்தான் செய்கிறது, 'செலவு மதிப்பீடு' என்று முன்னொட்டுப் போட்டால் தீர்ந்தது. என் ஆட்சேபம், அளவெடுப்பையும் இதே குடைக்குள் தள்ளி 'ஏஐ சில நிமிடங்களில் மதிப்பீடு தயாரிக்கிறது' என்று எழுதுவதற்கு. அளவு கிடைத்துவிட்டால் மதிப்பீடு ஆகிவிடாது. ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுக்குக் கல் எத்தனை, சிமென்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு, கொத்தனார் எத்தனை நாள், சித்தாள் எத்தனை நாள் என்று விலைப் பகுப்பாய்வு போட வேண்டும். மணல் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி, 2.83 கன மீட்டர். அளவுப் பட்டியல் கன மீட்டரிலும் லாரிக்காரர் சொன்ன விலை யூனிட்டிலும் இருக்க, யாரும் மாற்றாமல் பெருக்கிய தாள்கள் உண்டு. அதன்மேல் ஏற்றுகூலி, ஒப்பந்ததாரரின் மேற்செலவு, லாபம். தெருவுக்குள் லாரி நுழையுமா, கான்கிரீட் கலவையைப் பம்பில் ஏற்ற வேண்டுமா என்பதை வரைபடம் சொல்லாது. அளவெடுப்பு என்று தனிச்சொல் இருந்தால்தான் கருவி எதை முடித்தது, எதை முடிக்கவில்லை என்பதை வாடிக்கையாளரிடம் ஒரே வரியில் சொல்ல முடியும்.

'அளவீடு' என்றே விடலாமே என்பவர்களுக்கும் ஒரு பதில். பொதுப்பணித் துறைப் பழக்கத்தில் முடிந்த வேலையை அளந்து எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் பதிவதுதான் அளவீடு. அதை வைத்துத்தான் பில் போடுவார்கள். கட்டுவதற்கு முன் தாளில் எடுப்பதும் கட்டிய பின் களத்தில் அளப்பதும் ஒரே பெயரில் இருந்தால் சச்சரவு வரும். களத்திலும் 'அளவு எடுக்கிறோம்' என்றுதானே பேசுகிறார்கள் என்று மடக்கலாம், நியாயம்தான். மயக்கம் வரும் இடத்தில் 'வரைபட அளவெடுப்பு' என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

இயந்திரப் பெயர்ப்பைப் பார்க்காமல் ஏற்றுகிறவர்கள் இதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. 'பில் ஆஃப் குவாண்டிட்டீஸ்' சட்டமன்றத்துக்குப் போய் 'அளவுகளின் மசோதா' ஆகிவிட்டது, அது அளவுப் பட்டியல். மேற்செலவான 'ஓவர்ஹெட்' என்பது 'மேல்நிலைச் செலவு', ஏதோ நீர்த்தேக்கத் தொட்டிக்குச் செலவழித்ததுபோல. தரையின் மேல்பரப்பு வேலையான 'ஃப்ளோர் ஃபினிஷ்' என்பது 'தரை முடிவு'. பொருளை எவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும் என்பதைக் குறிக்கும் 'லீட்' நாளைக்கு 'ஈயம்' என்று வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். தனித்தமிழ் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம்கூட எனக்கு இவ்வளவு கோபமில்லை, அவர்கள் சொல்லை யோசித்தாவது உருவாக்குகிறார்கள். டேக்-ஆஃப் என்றே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், தொழிலில் இருப்பவருக்குப் புரியும். புறப்பாடு ஒருவருக்கும் புரியாது.

எழுத நினைப்பவர்களுக்கு: டேக்-ஆஃப் செய்வது அளவெடுப்பது, செய்பவர் அளவெடுப்பாளர், அதற்கான தாள் அளவெடுப்புத் தாள். தானாகச் செய்யும் கருவி தானியங்கி அளவெடுப்புக் கருவி, ஏஐ அளவெடுப்பு என்றாலும் போதும். தாளில் எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம், அளவு, குறிப்பு என்று கட்டங்கள். கழிக்கும் அளவுகளுக்குத் தனி வரி, அந்த வரியின் குறிப்புக் கட்டத்தில் எந்த விதிப்படி கழித்தோம் என்பது.