கோய் குஞ்சுகள்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது

கோடைமழை விழுந்த மறுநாள் காலையில், பெங்களூரில் கோய் என்னும் வண்ணக் கெண்டை மீனை வளர்ப்பவர்கள் பதறிப்போய் என்னை அழைப்பார்கள். தொட்டியில் நுரை பொங்குகிறது, மூன்று நான்கு மீன்கள் சேர்ந்து ஒரு பெரிய மீனை ஓரத்தில் தள்ளி முட்டுகின்றன, செதில்கூட உதிர்ந்திருக்கிறது, இது என்ன நோய் என்று கேட்பார்கள். நோயெல்லாம் இல்லை, சினைமீன் முட்டையிடுகிறது. புதுத்தண்ணீரும் 20 டிகிரியைத் தாண்டிய இளஞ்சூடும் சேர்ந்துவிட்டால் கோய் காத்திருக்காது. குளோரின் நீக்கிய தண்ணீரால் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை மாற்றச் சொல்லிவிட்டு, மீன் நலம் பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் கேட்பது இதைத்தான்: பொரிக்கப்போகும் குஞ்சுகளில் பெரும்பகுதியைக் கழிக்க உங்களால் முடியுமா?

எதிர்முனையில் பேச்சு நின்றுவிடும். ஒரு கிலோ எடையுள்ள தாய்மீன் ஏறக்குறைய ஒரு லட்சம் முட்டை இடும். ஆகாயத்தாமரை வேரிலோ நைலான் நாரிலோ அவை ஒட்டிக்கொள்ளும். பெற்றோர் தின்றது போக மிஞ்சியவை மூன்று நான்கு நாளில் பொரியும். அதற்குப் பிறகுதான் நம் வேலை தொடங்குகிறது, அது பெரும்பாலும் கழிக்கும் வேலை.

ஜப்பானின் நீகாட்டா மலைக்கிராமங்களில் நெல் விவசாயிகள் உணவுக்காக வளர்த்த கெண்டையில், 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய நிறங்களைப் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கியதுதான் கோய். 1914ஆம் ஆண்டு டோக்கியோ கண்காட்சிக்குப் பிறகே வெளியூர்க்காரர்களுக்கு அதன் பெயர் தெரிந்தது. இத்தனை தலைமுறை பொறுக்கியும் நிறம் இன்னும் நிலைப்படவில்லை. வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுள்ள கோஹாகு வகையில் பரிசு வாங்கிய ஜோடியைச் சேர்த்தாலும் முழு வெள்ளை, முழு சிவப்பு, கோணல் வாய் என எல்லாமே பிறக்கும். அப்படியிருக்க, கண்ட வகைகளையும் ஒரே தொட்டியில் விட்டு, தானாக நடந்த முட்டையிடலில் நல்ல மீன் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். அதில் வருபவை பெரும்பாலும் சேற்று நிறக் குஞ்சுகளே.

கோஹாகுவில் முதல் கழிப்பை நான்கு முதல் ஆறு வாரத்தில், குஞ்சு ஓர் அங்குலத்தைத் தாண்டும்போது வைத்துக்கொள்ளலாம். நீல பிளாஸ்டிக் பேசினில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மேலிருந்து பார்க்க வேண்டும். முதல் பார்வையில் நிறத்துக்கு இடமே கிடையாது. முதுகெலும்பு நேராக இருக்கிறதா, வாய் கோணாமல் இருக்கிறதா, செவுள்மூடி செவுளை முழுதாக மூடுகிறதா, மார்புத் துடுப்புகள் இரண்டும் ஒரே அளவா, நீந்தும்போது உடல் ஒரு பக்கம் சாய்கிறதா? இதில் தவறியது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியேதான். பிறகு முழு வெள்ளையும் முழு சிவப்பும் போகும். கருப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றும் கலந்த ஷோவா வகையில் இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பொரித்த சில நாளிலேயே கருங்குஞ்சுகளை மட்டும் நிறுத்திக்கொண்டு வெளிறியவற்றைக் கழித்துவிடுவார்கள். எந்த வகையானாலும், கூட்டத்தில் சில மட்டும் திடீரென்று இருமடங்கு பெருத்துத் திரிந்தால் உடனே பிரித்துவிடுங்கள், அவை தம் கூடப் பிறந்தவற்றையே தின்று வளர்கின்றன.

அடுத்தடுத்த கழிப்புகளில்தான் கண் ஏமாறும். குஞ்சுப் பருவத்தில் மிக அழகாக இருக்கும் மீன் பெரும்பாலும் நல்ல மீன் அல்ல. ஹலசூரில் முற்றத்துத் தொட்டிக்காக மீன் வாங்க வந்த ஓர் அம்மாவுக்கு, ஆறு மாதக் கோஹாகு இரண்டை எடுத்துக் காட்டினேன். ஒன்று ஒல்லி, ரத்தச் சிவப்பு, திட்டின் ஓரங்கள் எல்லாப் பக்கமும் அறுத்து வைத்தாற்போல. மற்றது வாலடி தடித்து, தோள் அகன்று, பால்வெள்ளை உடம்பில் இளஞ்செம்மையாக இருந்தது. "இது என்ன தம்பி, ஆரஞ்சுத் தோல் நிறம்? அதுதானே சிவப்பு!" என்றார். "அது இப்போதே முடிந்துவிட்ட மீன், அம்மா. இது இன்னும் வளர வேண்டிய மீன்" என்றேன். ஆண் மீன்கள் பெரும்பாலும் சீக்கிரமே நிறமேறி, சீக்கிரமே உச்சத்தைத் தொட்டுவிடும். பெரிதாகி நிற்பது பெண் மீன்தான், அதற்கு நிறம் மெல்லத்தான் கூடும். இளஞ்செம்மைத் திட்டின் தலைப்பக்க ஓரம் மங்கலாகத் தெரிந்ததையும் அவர் குறையாகச் சொன்னார். அங்கே வெள்ளைச் செதில் சிவப்பின்மேல் கவிந்திருக்கிறது, அவ்வளவுதான். இளம் மீனில் அது சிவப்பு தடிமனாக இருப்பதற்கு அடையாளம். பார்க்க வேண்டியது வால்பக்க ஓரம், அது கூர்மையாக இருந்தால் போதும். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ரத்தச் சிவப்பையே வாங்கிக்கொண்டு போனார். பணம் அவருடையது, கண்ணும் அவருடையது.

கடைகளில் கண்ணாடித் தொட்டியில் வைத்து விற்கிறார்களே, அது கோய்க்குப் பொருந்தாத வழக்கம். குளத்தில் மேலிருந்து பார்க்கப்போகும் மீனைப் பக்கவாட்டில் பார்த்து வாங்குவானேன்? பேசினில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். நிறமூட்டும் தீனி போடுகிறார்களா என்றும் கேளுங்கள். அளவு மீறினால் வெள்ளையும் சேர்ந்து சிவக்கும்.

இனிக் கழித்தவை. "பாவம், கொல்ல மனம் வரவில்லை, ஏரியில் விட்டுவிட்டோம்" என்று சொல்பவர்களிடம்தான் எனக்குக் கோபம் வருகிறது. கோய் என்பது கெண்டை. அடிச்சேற்றைக் கிளறித் தின்னும், நீரைக் கலக்கும், வேரோடு செடியைப் பிடுங்கும். சாதாக்கெண்டை 1939இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னாளில் காஷ்மீரத்துத் தால் ஏரியில் அது பெருகியபோது, அங்கிருந்த நாட்டு மீன்கள் குறைந்துபோயின. நம் ஏரிகளின் நிலையோ சொல்லவே வேண்டாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து நோய். கோய் ஹெர்பிஸ் வைரஸ் 1998இல் இஸ்ரேல் பண்ணைகளில் கூட்டம் கூட்டமாக மீன்களைக் கொன்ற பிறகே உலகம் அதைக் கவனித்தது. கோயையும் சாதாக்கெண்டையையும் தாக்கும் அந்த நோய், 18 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும் நீரில்தான் வீறுகொள்ளும். பெங்களூர்த் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவிலேயே இருக்கிறது. பிழைத்த மீன் நலமாகத் தெரிந்துகொண்டே வைரஸைச் சுமக்கும். ஏரிக் குத்தகையை நம்பி வாழும் மீனவர் வலையிலும் கெண்டை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அதே காரணத்துக்காக, புதிதாக வாங்கும் எந்த மீனையும் மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில், தனி வலையோடு வைத்திருங்கள். மீன் உடம்பில் ஒட்டி வாழும் நங்கூரப் புழுவும் மீன் பேனும் அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

உடல் நேராக இருந்து நிறத்தில் மட்டும் தவறியவற்றைக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ, தொட்டி உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம். ஊனமுற்றவற்றைக் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் உணர்விழக்கச் செய்து, அதிலேயே நீண்ட நேரம் விட்டு முடிப்பது வலியற்ற வழி. சிறு குஞ்சுகளைப் பெரிய மீன்களுக்குத் தீனியாக்குவதும் பண்ணைகளில் நடப்பதுதான்.

வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். ஐயாயிரம் லிட்டர் தொட்டியில் நாலைந்து மீனோடு இருப்பவர்களுக்கு இவ்வளவும் எதற்கு? நுரை பொங்கிய அன்று காலையே முட்டை ஒட்டிய நாரை எடுத்து வெயிலில் காயப்போட்டால் போதும்.