குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா? அயுத்தயா டிக்கெட் போடும் முன்

கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டியும் விசேஷம் இல்லையென்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு யோசனை சொல்வார்கள்: "நாலு நாள் எங்கயாவது போயிட்டு வாங்க, எல்லாம் தானா நடக்கும்." யோசனையில் தப்பில்லை. முன்பு கொடைக்கானல் போவார்கள், இப்போது பாங்காக், அங்கிருந்து ஒரு நாளோ இரண்டு நாளோ தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயா. மகப்பேறு மருத்துவரான என்னிடம் வருகிறவர்கள் போனில் காட்டும் படங்களில், மகாதாட் விகாரையில் மரவேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலை தவறாமல் இருக்கும்.

எத்தனை மணிக்கு அங்கே போனீர்கள் என்று கேட்பேன். காலையிலேயே, இல்லாவிட்டால் நாலு மணிக்கு மேல் என்பார்கள். 1767-ல் பர்மியப் படை அழித்துவிட்டுப் போன நகரம், மிச்சமிருப்பது கூரையில்லாத செங்கல் சுவர்கள், உச்சி வெயிலில் யார் சுற்றுவார்கள்? ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிகமாகக் கடிப்பதும் அந்த இரண்டு நேரங்களில்தான். ராத்திரி ஹோட்டல் அறையில் மட்டும் கொசுவிரட்டி போட்டுப் பெரிய பிரயோஜனமில்லை.

டெங்கு எல்லோருக்கும் தெரியும். அதே கொசு பரப்பும் ஜிகா வைரஸைப் பற்றி டூர் ஏஜென்ட் யாரும் வாய் திறப்பதாகத் தெரியவில்லை. ஜிகாவால் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளைத் தாய்லாந்து 2016-ல் உறுதிசெய்தது, தென்கிழக்காசியாவில் அதுதான் முதல்முறை. கர்ப்பத்தின்போது தொற்றிய தாய்மாரின் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்குப் பாதிப்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடுப்பூசி இல்லை.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சல்கூட வராது. ஒன்றும் தெரியாமல் ஊர் திரும்பிவிடுவார்கள், ஆனால் கணவரின் விந்துவில் வைரஸ் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட, இருந்து உடலுறவு வழியாக மனைவிக்குப் போகலாம். அதனால்தான் திரும்பி வந்தபின் ஆண்கள் 3 மாதம், பெண்கள் 2 மாதம் ஆணுறை பயன்படுத்தவோ விலகியிருக்கவோ சொல்கிறார்கள். சேர்ந்து போயிருந்தால் 3 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) தேதி குறித்தவர்களுக்கு இது பெரிய இடைவெளி, டிக்கெட்டுக்கு முன்னாலேயே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். "ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமே டாக்டர்" என்பார்கள். அறிகுறியே இல்லாதவருக்கு நெகட்டிவ் வந்தாலும் அதை நம்பிப் பச்சைக்கொடி காட்ட முடியாது.

போகவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2021-ல் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே ஒரு கர்ப்பிணிக்கு ஜிகா வந்தது, அது நமக்குப் பக்கத்து ஊர். போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போடுங்கள், டீட் (DEET) என்ற மருந்து கலந்த கொசுவிரட்டி தடவுங்கள், சன்ஸ்கிரீன் போடுவதாக இருந்தால் அதை முதலில் பூசி அதற்கு மேல்தான் கொசுவிரட்டி. வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ தடிப்போ கண் சிவப்போ வந்தால் போன ஊரின் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், மனைவி ஏற்கெனவே கர்ப்பமாக இருக்க, ஆபீஸ் வேலையாகக் கணவர் மட்டும் பாங்காக் போய் வருவது உண்டு. அவர்களுக்கு 3 மாதக் கணக்கு இல்லை, பிரசவம் வரை ஆணுறை வேண்டும். கூடவே மாமியாரும் உட்கார்ந்திருக்கும்போது இதைப் பேச முடியாது என்பதால் கணவரைத் தனியாக ஒருமுறை உள்ளே கூப்பிடுவேன், தயவுசெய்து நழுவாமல் வாருங்கள்.