கப்பலில் ஏறியதும் ஃப்ளைட் மோடு

சிங்கப்பூருக்கு ரோமிங் பேக் போட்டாயிற்று, மலேசியாவுக்கும் சேர்த்துப் போட்டாயிற்று, அப்புறம் என்ன கவலை என்று சொல்லிக்கொண்டுதான் பாதிப் பேர் எங்கள் அலுவலகத்தில் டிக்கெட்டை வாங்கிப் போகிறார்கள். கவலை நடுக்கடலில் இருக்கிறது. அங்கே சிங்கப்பூரும் கிடையாது, மலேசியாவும் கிடையாது. கப்பலுக்கென்று தனி நெட்வொர்க், தனிக் கட்டணம். நீங்கள் நாட்டுக்குப் போட்ட பேக் அங்கே செல்லாது.

பாளையங்கோட்டையில் டூர் ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். ஒரு காலத்தில் காசி, ராமேஸ்வரம், நவக்கிரகக் கோயில்கள் என்றுதான் பிழைப்பு ஓடியது. இப்போது பையன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறான். திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, "ரெண்டு பேரும் நாலு நாள் கப்பல்ல போயிட்டு வாங்க" என்று டிக்கெட் போட்டு விடுகிறான். சிங்கப்பூரில் ஏறினால் பினாங்கு, புக்கெட் என்று சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். துபாயிலிருந்து என்றால் குளிர்கால மாதங்களில் போகலாம். நம்மூர்ப் பக்கமும் சும்மா இல்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கி, மறு வருடம் இலங்கைத் துறைமுகங்களுக்கும் போனது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011-ல் விட்ட பயணிகள் கப்பல் மட்டும் சில மாதத்திலேயே நின்றுபோயிற்று. அது நிலைத்திருந்தால் நமக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கரையை விட்டு விலகினால் டவர் போய்விடும், சிக்னல் இருக்காது, அதனால் செலவும் இருக்காது என்று நினைப்பது இயல்புதான். இப்போதுள்ள பெரிய கப்பல்களில் அப்படி இல்லை. தளத்துக்குத் தளம் சின்னச் சின்ன ஆன்டெனா வைத்திருக்கிறார்கள். உங்கள் போனுக்கு அதுதான் டவர். பேச்சும் டேட்டாவும் அதிலிருந்து கப்பலின் உச்சியில் இருக்கும் டிஷ்ஷுக்குப் போய், சாட்டிலைட்டுக்கு ஏறி, எங்கோ ஒரு நாட்டில் தரையிறங்கி, அப்புறம்தான் வள்ளியூரில் இருக்கும் உங்கள் தங்கச்சியின் போனில் மணி அடிக்கும். இத்தனை கை மாறி வருகிற சரக்கு மலிவாக இருக்காது.

துறைமுகத்தில் நிற்கும்போதும் கரையை ஒட்டிப் போகும்போதும் இந்த நெட்வொர்க்கை அணைத்து வைத்திருப்பார்கள். பொதுவாகக் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டியதும் போடுவார்கள். கரை டவர் மறைந்து, போன் அங்குமிங்கும் தேடிக்கொண்டிருக்கிற நேரம் அது. கிடைத்ததை உடனே பிடித்துக்கொள்ளும், உங்களிடம் கேட்காது. தனுஷ்கோடி முனையில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நிற்பது இந்திய மண், போனில் தெரிவது இலங்கை நெட்வொர்க். போனுக்கு எல்லைக்கோடு தெரியாது, சிக்னல்தான் தெரியும்.

கப்பல் நெட்வொர்க்கை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. போனின் மேல் ஓரத்தில் 'செல்லுலார் அட் சீ', 'டெலினார் மாரிடைம்' என்பது போன்ற பெயர்கள் வரும். சில போன்களில் பெயருக்குப் பதில் 901-18, 901-12 என்று வெறும் எண் மட்டும் தெரியும். மொபைல் உலகில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மூன்று இலக்க எண் உண்டு. இந்தியாவுக்கு 404, 405. இந்த 901 எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத எண். அது தெரிந்தால் உங்கள் சிங்கப்பூர் பேக் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், பேக் போட்டவர்தான் அதிகம் மாட்டுகிறார். பேக் போடாதவர் சிம்மில் பெரும்பாலும் ரோமிங்கே திறந்திருக்காது; கடலில் 'நோ சர்வீஸ்' என்று காட்டிவிட்டுச் சும்மா கிடக்கும். முன்யோசனையோடு பேக் போட்டு, ரோமிங்கைத் திறந்து வைத்தவர் போன்தான் கப்பல் நெட்வொர்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். விமானத்துக்கென்று சில கம்பெனிகள் தனி பேக் விற்கின்றன. கப்பலுக்கும் செல்லும் என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. பேக்கின் பட்டியலில் அந்தக் கப்பல் நெட்வொர்க்கின் பெயர் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, நான் அதிகம் சண்டை போடுகிற இடம். "டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணிட்டேன், பிறகு எப்படி பில் வரும்?" என்பார்கள். அந்தப் பட்டன் டேட்டாவை மட்டும்தான் நிறுத்தும். கால் வரும், போகும். ரோமிங்கில் வருகிற காலுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். இன்கமிங் ஃப்ரீ என்று பழகிப்போன நமக்கு இது மண்டையில் ஏறுவதே இல்லை.

எங்கள் மூலமாகப் போன ஒரு சார்வாள், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கணக்குப் பாடம் நடத்தியவர், காசு விஷயத்தில் கெட்டி. டேட்டாவை ஒழுங்காக அணைத்துவிட்டார். அவர் கப்பலில் இருந்த அதே வாரம் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை விழா. வரி பிரித்தது, மேளக்காரர் அட்வான்ஸ், வில்லுப்பாட்டுக்கு யாரைச் சொல்வது என்று சொக்காரங்க, அதாவது பங்காளிகள், ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவரும் மேல்தளத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காற்று வாங்கியபடியே நியாயம் பேசியிருக்கிறார். போஸ்ட்பெய்ட் எண். அடுத்த மாதம் பில்லை எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். கோயில் வரியைப் போலப் பல மடங்கு இருந்தது. எல்லாம் இன்கமிங். தானாக ஒரு காலும் போடவில்லை.

பில் ஏன் அவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்றும் கேட்டார். ப்ரீபெய்டில் பேசப் பேசக் காசு கழியும்; இருப்பு தீர்ந்தால் அத்தோடு நிற்கும், நஷ்டமும் அந்த அளவோடு போகும். போஸ்ட்பெய்டில் கப்பல் நெட்வொர்க்காரர் கணக்கை எழுதி நம் கம்பெனிக்கு அனுப்பி, அது பில்லில் ஏற நாளாகும். கப்பலில் இருக்கும்போது ஆப்பைத் திறந்து பார்த்தால் ஒன்றும் காட்டாது. அதனால்தான் வயதானவர்களை அனுப்பும்போது, முடிந்தால் போஸ்ட்பெய்ட் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு ப்ரீபெய்ட் சிம்மோடு போங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி விடுகிறேன்.

டேட்டா திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு எம்பிக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த எண். உண்மையான கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ பூவும் சூரியனும் சேர்த்து 10 எம்பியில் ஒரு காலை வணக்கம் வீடியோ அனுப்புகிறார்கள். அது தானாக இறங்குகிறது. 3,000 ரூபாய். நீங்கள் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். கூகுள் போட்டோஸ் உங்கள் படங்களை மேலே ஏற்ற ஆரம்பித்தால் கணக்கே வேண்டாம். வாட்ஸ்அப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதையும், போட்டோ பேக்கப்பையும், ஆப் அப்டேட்டையும் ஊரிலேயே நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். இது கப்பல் வைஃபையிலும் உதவும். இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய வைஃபையின் வேகத்தை இதுகளே தின்றுவிடும்.

ஆகவே கப்பலில் ஏறி, கரையில் நிற்கிறவர்களுக்கு டாட்டா காட்டி முடித்ததும் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். இதைச் சொன்னதற்கு மேலப்பாளையத்து அண்ணாச்சி ஒருவர், "ஃப்ளைட் மோடு ஃப்ளைட்ல போவும்போதுல்லா போடணும், இது கப்பல்லா?" என்றார். கேள்வி நியாயம்தான். பெயர் என்னவாக இருந்தாலும் அது சிம்மின் வாயை மூடுகிற பட்டன். இரண்டு சிம் போட்ட போனில் இரண்டையும் சேர்த்து மூடும். ஒரு சிம்மை மட்டும் அணைத்துவிட்டு, மற்றதை மறந்துபோகிற ஆபத்து இதில் இல்லை. சொந்தமாக இ-சிம் (அட்டை இல்லாமல் உள்ளேயே பதிந்திருக்கும் சிம்) உள்ள கைக்கடிகாரம் கட்டியிருந்தால் அதையும் தனியாக அதே மோடில் போட வேண்டும்.

ஃப்ளைட் மோடு போட்ட பிறகு வைஃபையை மட்டும் தனியாகத் திரும்ப ஆன் செய்யலாம். இது பலருக்குத் தெரியாது. ஃப்ளைட் மோடு என்றால் போன் செத்துவிட்டது என்று நினைத்துப் பயந்துகொண்டே போடாமல் விடுகிறார்கள். வைஃபை ஆன் செய்து, கப்பலின் வைஃபையைத் தேர்ந்தெடுத்தால் கப்பல் கம்பெனியின் ஆப் வேலை செய்யும். எந்தத் தளத்தில் என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்ன நிகழ்ச்சி என்று பார்க்க இன்டர்நெட் பேக்கேஜ் வாங்கத் தேவையில்லை. சில கப்பல்களில் அந்த ஆப்பிலேயே கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். அவர் நீச்சல்குளத்தில், இவர் சாப்பாட்டு ஹாலில் என்று ஆளுக்கொரு பக்கம் நிற்கும்போது இது பெரிய உதவி.

ஊருக்குப் பேச வேண்டுமென்றால் கப்பலின் வைஃபை பேக்கேஜை வாங்கி வாட்ஸ்அப்பில் பேசுங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்கு, ஒரு போனுக்கு என்று விலை வைத்திருப்பார்கள். கப்பலில் ஏறிய பிறகு வாங்குவதைவிட முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கினால் விலை குறைவாக இருப்பது வழக்கம். இருவருக்கும் சேர்த்து ஒன்று வாங்கி, ஒருவர் வெளியேறிய பின் மற்றவர் நுழைகிற வசதியும் பல கப்பல்களில் உண்டு. மலிவான பேக்கேஜில் வீடியோ கால் ஓடுமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். முன்பெல்லாம் கப்பல் இன்டர்நெட் என்றாலே ஆமை வேகம்தான். 2022-ல் ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனி தன் கப்பல்களில் ஸ்டார்லிங்க் என்ற சாட்டிலைட் இன்டர்நெட்டைப் போடப்போவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு மற்ற கம்பெனிகளும் அந்தப் பக்கம் திரும்ப, இப்போது பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசுகிற அளவுக்கு வந்திருக்கிறது.

வைஃபையில் ஒரு சிக்கல் உண்டு. 'வைஃபை காலிங்' என்ற வசதி போனில் ஆனில் இருந்தால், வாட்ஸ்அப் இல்லாமல் சாதாரண டயலரிலிருந்து போடுகிற காலும் வைஃபை வழியாகப் போகும். வெளிநாட்டில் இதற்குக் கம்பெனி தனிக் கட்டணம் போடலாம். புறப்படும் முன் அதை அணைத்துவிடுவது நல்லது.

துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றப் போகும்போது ஃப்ளைட் மோடை எடுக்கலாம். நாட்டுக்குப் போட்ட பேக்கோ, வாங்கி வைத்த இ-சிம்மோ அங்கேதான் வேலை செய்யும். பேங்க் ஓடிபி வரவேண்டியிருந்தாலும் அப்போது வாங்கிக்கொள்ளலாம். ரோமிங்கில் வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு கிடையாது. கப்பலுக்குள் சாப்பாடு, கடை செலவெல்லாம் அறைச் சாவி அட்டையிலேயே ஏறிவிடும், கடைசியில் மொத்தமாகக் கட்டலாம். அதனால் கடல் நடுவில் ஓடிபிக்குத் தவிக்க வேண்டிய வேலை அனேகமாக வராது. எஃப்டி புதுப்பிக்கிறது, யாருக்காவது பெரிய தொகை அனுப்புகிறது மாதிரியான வேலைகளைக் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள்.

இறங்குகிற இடத்தில் மணியைக் கவனியுங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது, புக்கெட்டில் ஃப்ளைட் மோடை எடுத்தால் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். ஐந்து மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். உங்கள் போனில் நாலரை. இன்னும் அரை மணி இருக்கிறதே என்று சந்தையில் நின்று பேரம் பேசிக்கொண்டிருப்பீர்கள். கப்பலில் அப்போது மணி ஐந்தரை. கப்பல் யாருக்காகவும் ரொம்ப நேரம் நிற்காது. கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டி, கப்பல் நேரத்தை வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த வழி.

வீட்டில் இருப்பவர்களிடம் கப்பலின் பெயர், அறை எண், எங்கள் அலுவலக எண் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். "நாலு நாள் போன் போகாது, அவசரம்னா வாட்ஸ்அப்ல போடுங்க" என்று சொந்தக்காரர்களிடமும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் நாளே எனக்குப் போன் வரும், ஆள் கடலில் விழுந்துவிட்டாரா என்று.

இத்தனைக்குப் பிறகும் பில் வந்துவிட்டால், முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் செய்து டாக்கெட் எண், அதாவது புகாரின் பதிவு எண், வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதலாம். டெலிபோன் விவகாரத்துக்கு நுகர்வோர் கோர்ட்டில் இடமில்லை என்று முன்பு கம்பெனிகள் வாதாடிக்கொண்டிருந்தன; 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், தாராளமாகப் போகலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். ஆனால் ரோமிங் திறந்திருந்து, நீங்களே காலை எடுத்துப் பேசியிருந்தால் வழக்கு நிற்பது கஷ்டம். அந்தச் சார்வாளிடமும் இதைத்தான் சொன்னேன். குறைத்துக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டார், கொஞ்சம் குறைத்தார்கள், மீதியைக் கட்டினார். ரோமிங்கை நிறுத்தச் சொல்லி நீங்கள் கேட்டும் நிறுத்தாமல் பில் போட்டிருந்தால் கதையே வேறு. அதற்கு ஆதாரம் வேண்டும். நிறுத்தச் சொல்லி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸையும், அதற்கு வந்த பதிலையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிள்ளைக்கும் ஒரு காப்பி அனுப்பி வையுங்கள்.