நியமனமா, முன்மொழிவா?

அமெரிக்க அதிபர் பாதுகாப்புத் துறைத் தலைமைக்கு ஒருவரின் பெயரை அறிவித்த அன்றே, “புதிய பாதுகாப்பு அமைச்சர் நியமனம்” என்று தமிழ்ச் செய்திகள் எழுதிவிடுகின்றன. சில வாரங்களில், நியமிக்கப்பட்டவரின் தகுதி குறித்து அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் விவாதிக்கிறது என்றும் எழுதுகின்றன. நியமனமே முடிந்துவிட்ட பிறகு தகுதியை ஏன் ஆராய்கிறார்கள் என்று படிப்பவர் கேட்டால், அவரைக் குறை சொல்ல முடியாது.

அதிபரின் அந்த அறிவிப்பைக் குறிக்கும் ‘நாமினேட்’ என்னும் ஆங்கில வினை, பெயரைக் குறிக்கும் ‘நோமென்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் அறிந்த ‘நாமம்’ அதற்கு இனமான வடசொல். ‘நியமனம்’ என்பதோ கட்டுப்படுத்துதல், ஒழுங்குசெய்தல் என்ற பொருளுடைய வடசொல்லாக வந்து, தமிழில் பதவியில் அமர்த்துதல் என்று நிலைத்துவிட்டது. மாநிலங்களவையின் 12 ‘நியமன உறுப்பினர்கள்’ விஷயத்தில் இந்தச் சொல்லால் தீங்கில்லை. அங்கே குடியரசுத் தலைவர் பெயர் குறித்தாலே உறுப்பினர் பதவி உறுதி. அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் பிரிவு, பெயர் குறிப்பதையும் பதவியில் அமர்த்துவதையும் இரு வேறு வினைகளால் பிரித்து, நடுவே செனட்டின் அறிவுரையையும் இசைவையும் வைக்கிறது. 1989இல் அதிபர் ஜார்ஜ் புஷ் பாதுகாப்பு அமைச்சர் பதவிக்குத் தேர்ந்த ஜான் டவரைச் செனட் 47–53 என்ற வாக்குகளில் நிராகரித்தது. டவர் ‘நியமிக்கப்பட்டார்’ என்று எழுதினால், ஒரு நாள்கூட அப்பதவியில் இராதவரைப் பதவியிலிருந்து நீக்கியதாகப் பொருள்படும்.

இதை உணர்ந்த சிலர் ‘பரிந்துரை’ என்ற சொல்லை எடுத்தாள்கிறார்கள். நல்ல தமிழ்ச்சொல் என்பதனால் மட்டும் அதை ஏற்க இயலாது. பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல். ஒருவருக்காகப் பரிந்து இன்னொருவரிடம் பேசுவதே பரிந்துரை. முடிவெடுக்கும் உரிமை கேட்பவரிடமே இருக்கும். நம் நாட்டில் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் புதிய நீதிபதிகளின் பெயர்களைப் பரிந்துரைக்கிறது, குடியரசுத் தலைவர் நியமிக்கிறார் என்னும்போது சொல் சரியாகப் பொருந்துகிறது. அமெரிக்காவில் பெயரைக் குறிப்பவரும் அதிபரே, இசைவு கிடைத்தபின் அமர்த்துபவரும் அவரே. அவர் யாரிடம் பரிந்து பேசுகிறார்? இதைவிடப் பெரிய இடையூறு ஒன்று உண்டு. செனட்டின் படைத்துறைக் குழு அந்த நபரை நேரில் விசாரித்து, ஏற்கலாம் அல்லது ஏற்க வேண்டாம் என்று முழு அவைக்கு உரைக்கிறது. டவர் வேண்டாம் என்று முதலில் சொன்னதும் அக்குழுவே. உண்மையான பரிந்துரை அதுதான். அதிபரின் செயலுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டால், “பரிந்துரைக்கு எதிராகப் பரிந்துரைத்தது” என்று எழுத வேண்டிவரும்.

‘முன்மொழிவு’ என்ற சொல் நம் கையிலேயே இருக்கிறது. கூட்டங்களில் ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிகிறார். வேட்புமனுவிலும் முன்மொழிபவர் கையெழுத்திடுகிறார். அவை ஏற்கவும் மறுக்கவும் இடமுண்டு என்பது அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. ‘முன்மொழியப்பட்டவர்’ நீளமாயிருக்கிறது என்பார்கள். தவறான சுருக்கத்தைவிடச் சரியான நீளம் மேல் என்பதே என் கருத்து.

சொல்லைச் சரியாக வைத்தால் தகுதி விவாதமும் விளங்கும். படைப்பணியிலிருந்து விலகிய அதிகாரி பத்தாண்டு கழியாமல் இப்பதவிக்கு வரலாகாது என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2008இல் அது ஏழாண்டானது. 1950இல் ஜார்ஜ் மார்ஷலுக்கும், 2017இல் ஜேம்ஸ் மாட்டிஸுக்கும், 2021இல் லாயிட் ஆஸ்டினுக்கும் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியே விலக்கு அளித்தது. முன்மொழிவு என்றால்தான் இத்தனை தடைகளுக்கும் இடமிருக்கிறது.

செனட்டின் இசைவைக் குறிக்கும் ‘கன்ஃபர்ம்’ என்ற ஆங்கில வினையை ‘உறுதிப்படுத்தியது’ என்று மொழிபெயர்ப்பதும் இதே அவசரத்தின் விளைவு. உறுதிப்படுத்துதல் என்றால், வதந்தியாக வந்த தகவலை உண்மை என்று சொல்வதாகவே இன்று படிக்கப்படுகிறது. ஆங்கிலத் தொடரை எதிரே வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுகிறவர்கள், அங்கே நடந்தது என்ன என்று ஒருமுறை கேட்டிருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டார்கள். 2024 நவம்பரில் டிரம்ப் இப்பதவிக்கு அறிவித்த பீட் ஹெக்செத்துக்கு 2025 ஜனவரியில் செனட்டில் 50–50 என வாக்குகள் சமமாகப் பிரிந்து, துணை அதிபர் வான்ஸின் ஒரு வாக்கால் இசைவு கிடைத்தது. அந்த வாக்கு விழும்வரை அவர் முன்மொழியப்பட்டவர் மட்டுமே.