அட்டாக் வந்தவருக்கு தைராய்டு மாத்திரை எதுக்கு?

போன மாசம் ஓ.பி.க்கு ஒருத்தர் வந்தார், 54 வயசு, அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சு அஞ்சு வாரம்தான் ஆகுது. பல்ஸ் 118. டிஸ்சார்ஜ் ஆகும்போது 72 இருந்துச்சு. ராத்திரி தூக்கமே இல்ல சார், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்கிறார். மாத்திரை கவரை மேஜை மேல கொட்டச் சொன்னேன், நான் எழுதாத ஒரு டப்பா உருண்டு வந்துச்சு, தைராக்சின்ங்கிற தைராய்டு மாத்திரை, 100 மைக்ரோகிராம். அவர் வீட்டம்மாவோடது. ஹார்மோன் கொடுத்தா ஹார்ட் பம்பிங் ஏறும்னு மச்சான் வாட்ஸ்அப்ல அனுப்பினாராம், இவருக்கு எக்கோல ஈ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்புலயும் இதயம் வெளியே தள்ளுற ரத்தத்தோட சதவீதம், 38தான், பயத்துல தினமும் காலைல ஒண்ணு போட்டிருக்கார்.

அந்த மெசேஜ் முழுக்க கட்டுக்கதைன்னும் சொல்லிட முடியாது. அட்டாக் வந்ததும் ரத்தத்துல டி3ங்கிற தைராய்டு ஹார்மோன் குறையும், இதயத் தசை சுருங்கி விரியறதுக்கு டி3 வேணும், அப்போ வெளியில இருந்து கொடுத்தா என்னன்னு டாக்டர்களுக்கே தோணின விஷயம்தான். பிரிட்டன்ல பண்ணியும் பார்த்தாங்க. அட்டாக் வந்து, டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைஞ்சா ஏறுற ஹார்மோன்) மட்டும் லேசா ஏறியிருந்த 95 பேர், பாதி பேருக்கு தைராக்சின், மீதி பேருக்கு டம்மி மாத்திரை, ஒரு வருஷம். 2020ல ரிசல்ட் வந்துச்சு. மருந்து எடுத்தவங்களுக்கு ஈ.எஃப். 51.3ல இருந்து 53.8, டம்மி எடுத்தவங்களுக்கு 54ல இருந்து 56.1. ரெண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் ஏறியிருக்கு, மாத்திரையால தனியா ஒண்ணும் நடக்கல.

அதுக்கு ரொம்ப முன்னாடி, 1966ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஒரு பெரிய ஆய்வுல, அட்டாக் வந்த ஆம்பளைங்களுக்கு கொலஸ்ட்ரால் குறைய ஈஸ்ட்ரோஜனும் தைராக்சின் வகை மருந்து ஒண்ணும் கொடுத்தாங்க, கெடுதல்தான் அதிகம்னு தெரிஞ்சு பாதியிலேயே நிறுத்த வேண்டியதாப் போச்சு.

நிஜமாவே தைராய்டு சுரக்காதவங்க கதை வேற, அவங்களுக்கு மாத்திரை கண்டிப்பா வேணும், ஆனா அட்டாக் வந்தவங்களுக்கு 12.5 இல்லன்னா 25 மைக்ரோகிராம்ல ஆரம்பிச்சு மெதுவாத்தான் ஏத்துவோம். ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது எடுத்த டி.எஸ்.எச். ரிப்போர்ட்டை வச்சு அவசரப்படாதீங்க, உடம்பு தேறினப்புறம் ஒருமுறை திரும்பப் பாருங்க.

எனக்கு ஆத்திரம் எங்க வந்துச்சுன்னா, இதைச் சேர்த்தவர், எழுதிக் கொடுத்திருந்த எப்ளரினோன் மாத்திரையை நிறுத்திட்டார், "அது வெறும் யூரின் மாத்திரைதானே சார்"ங்கிறார். அட்டாக்குக்கு அப்புறம் உடம்பே ஆல்டோஸ்டீரோன்னு ஒரு ஹார்மோனை அளவுக்கு மீறி சுரந்து, உப்பையும் தண்ணியையும் தேக்கி, இதயத் தசையில தழும்பை ஏத்துது. அதைத் தடுக்கிற மாத்திரை இது. ஈ.எஃப். 40ஓ அதுக்குக் கீழயோ இருந்த 6,600க்கு மேல பேர்ல பாதி பேருக்கு இதையும் மீதி பேருக்கு டம்மி மாத்திரையும் கொடுத்துப் பார்த்து 2003ல வந்த ஆய்வுல, இதை எடுத்தவங்களுக்கு சாவு 15 சதவீதம் குறைஞ்சுது. பொட்டாசியம் ஏறும், அதனால ரத்தம் டெஸ்ட் பண்ணணும், நல்லதுன்னு தினமும் ரெண்டு இளநி குடிக்கிறதை விடணும். இதே வகையில விலை கம்மியான ஸ்பைரோனோலாக்டோன் போடுற ஆம்பளைங்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம், வெட்கப்பட்டுக்கிட்டு சொல்லாம நிறுத்திடுவாங்க, சொன்னா மாத்திக் கொடுத்துடலாம்.

தைராக்சின் உடம்புல பாதி குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால நிறுத்தின மறுநாளே படபடப்பு போகாதுன்னு சொல்லி எப்ளரினோனை மறுபடி எழுதிக் கொடுத்தேன். கூட வந்த வீட்டம்மா அதுவரைக்கும் வாயே திறக்கல, அந்த டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்துட்டு, "நூறு மாத்திரை வாங்கினேன் சார், எப்படி இதுக்குள்ள தீர்ந்துச்சுன்னு மருந்துக்கடைக்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தேன்"னாங்க.